முற்பிறவிப் பாலிசி

அமெரிக்காவில் ஒரு விநோதமான தொழில் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் தங்களைக் காப்பீட்டுத் தொல்லியலாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மண்வெட்டியும் தூரிகையும் அவர்களுக்குத் தேவையில்லை. மூடிப்போன தொழிற்சாலையின் நிலவறை, ஓய்வுபெற்ற கணக்கரின் வீட்டுப் பரண், வக்கீல் அலுவலகத்தின் பின்னறை, வங்கியில் தூசி படிந்த கடன் கோப்பு ஆகியவைதான் அவர்களுடைய கீழடி. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எடுத்திருந்த பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசியைத் தேடி அங்கெல்லாம் அலைகிறார்கள்.

பாலிசி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். பிரீமியம் கட்டிய காசோலையின் அடிக்கட்டை கிடைக்கும். லெட்ஜரில் ஒரு வரி கிடைக்கும். அரசு ஒப்பந்தத்தோடு பின்குத்தி வைத்த காப்பீட்டுச் சான்றிதழோ, இயக்குநர் கூட்டக் குறிப்பில் போகிறபோக்கில் வந்த ஓர் எண்ணோ கிடைக்கும். எண் அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். ஓரிகன் மாநிலத்தில், தொலைந்த பாலிசியைத் தேடிக் கொடுப்பதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? தெருமுனையில் இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையை எடுத்துக்கொள்ளலாம். துணியைத் தண்ணீரில் நனைக்காமல் அழுக்கை எடுக்கும் திரவத்துக்குப் பெர்குளோரோஎத்திலீன் என்று பெயர். தொழிலில் சுருக்கமாகப் 'பெர்க்'. அது தண்ணீரைவிடக் கனமானது. சிந்தினால் தரை விரிசலிலும் சாக்கடைக் குழாயின் இணைப்புகளிலும் கசிந்து, நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். 1960களில் கடைக்காரர் அதைச் சாக்கடையில் ஊற்றியபோது யாரும் அவரைத் தடுக்கவில்லை. இன்று அந்த மண்ணைச் சுத்தம் செய்ய ஆகும் செலவுக்குக் கடையை, கட்டடத்தை, குடும்பத்தின் சேமிப்பை விற்றாலும் போதாது. ஆனால் அன்று அவர் எடுத்த பாலிசி இன்னும் உயிரோடு இருக்கலாம்.

உயிரோடு என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. அந்தக் காலத்துப் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் 'நிகழ்வு' அடிப்படையில் எழுதப்பட்டவை. கிளெய்ம் எப்போது வருகிறது என்று அவை பார்ப்பதில்லை. கேடு எப்போது நடந்தது என்றுதான் பார்க்கும். 1964இல் மண் கெட்டிருந்தால், 1964ஆம் ஆண்டுப் பாலிசி எத்தனை ஆண்டு கழித்துக் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் மாசுக்கு ஒரு விலக்கைச் சேர்த்தன. 1986 வாக்கில் அந்தக் கதவை அநேகமாக முழுதாகவே அடைத்துவிட்டன. ஆனால் அதற்கு முன் விற்ற தாள்களைத் திரும்ப வாங்க முடியாதே.

இதை வெறும் பண விவகாரமாகப் பார்த்தால் வக்கீல்களோடு முடிந்துவிடும். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு பழைய கேள்வியின் வாசனை அடிக்காமல் போகாது. சிலப்பதிகாரத்தின் கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு பழைய கணக்கை எடுத்து வாசிக்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி சபித்தாள். அந்தக் கடன் மதுரையில் வந்து தீர்ந்தது. இந்தப் பிறவிக் கோவலனுக்குச் சங்கமன் யாரென்றே தெரியாது. சிலம்பைத் திருடியவனும் அவன் இல்லை. நினைவில் இல்லாத செயலுக்கு ஒருவன் எப்படிப் பொறுப்பாவான்? காவியம் அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, விடையை ஊழின் தலையில் வைத்துவிட்டுப் போகிறது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1980இல் ஊழை நம்பி ஒரு சட்டம் இயற்றவில்லை. ஆனால் விளைவு ஏறக்குறைய அதுதான். 'சூப்பர்ஃபண்ட்' என்று அழைக்கப்படும் அந்தச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்திட்டார். நச்சுக் கழிவைக் கொட்டியவர், கொட்ட ஏற்பாடு செய்தவர், சுமந்து வந்தவர், அந்த நிலத்தை இன்று வைத்திருப்பவர் என எல்லோரையும் அது இழுத்தது. குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை. செய்த காலத்தில் அது சட்டப்படி சரியாக இருந்ததா என்பதும் பொருட்டல்ல. முப்பது ஆண்டு முந்தைய செயலும் மாட்டும். ஒருவரிடம் பணம் இல்லையென்றால் இருப்பவர் முழுவதையும் கட்ட வேண்டும். அப்பாவி வாங்குநர்களுக்குச் சில விலக்குகள் பிற்பாடுதான் விரிவாக வந்தன.

இந்தச் சட்டத்தைப் பிறப்பித்த ஊர் லவ் கெனால். நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதியில் கைவிட்ட ஒரு கால்வாய். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அதில் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவைப் புதைத்தது. பிறகு மண்ணால் மூடி, நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரத்தில் ஒரு வாசகம்: இங்கே ரசாயனக் கழிவு இருக்கிறது, இனி இதனால் எது நேர்ந்தாலும் எங்களைக் கேட்கக் கூடாது. வினையைப் பத்திரப் பதிவு செய்து கைமாற்றிவிடும் முயற்சி என்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பள்ளி கட்டினார்கள். சுற்றிலும் வீடுகள் வந்தன. நிலவறைகளில் கறுப்பாக ஏதோ ஊறியது. 1978 ஆகஸ்டில் கார்ட்டர் அவசர நிலை அறிவித்தார்.

ஹூக்கர் மீது அரசு தொடுத்த வழக்கு பதினாறு ஆண்டு நடந்தது என்பதைவிட முக்கியமானது 1994இல் வந்த தீர்ப்பின் தன்மை. ஹூக்கர் அலட்சியமாக நடந்துகொண்டது. ஆனால் தண்டனையாக நஷ்டஈடு விதிக்கும் அளவுக்கு அது துணிந்து செய்த கொடுமை அல்ல என்றார் கூட்டாட்சி நீதிபதி ஜான் கர்ட்டின். சுத்தம் செய்த செலவை மட்டும் கட்டியாக வேண்டும். ஹூக்கரை 1968இலேயே வாங்கிவிட்ட ஆக்சிடென்டல் பெட்ரோலியம், அடுத்த ஆண்டு மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கழிவைப் புதைத்த காலத்தில் ஆக்சிடென்டலுக்கும் அந்தக் கால்வாய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பாவம் என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கடன் என்ற கணக்கை மட்டும் நீதிமன்றம் தீர்த்தது.

இங்கேதான் பழைய பாலிசி ஒரு முரணைக் கொண்டுவந்து நடுவில் போடுகிறது: அரசின் சட்டம் செயலைப் பார்க்கிறது, பாலிசியோ எண்ணத்தைக் கேட்கிறது.

இந்தியச் சிந்தனையில் இதே முரண் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. செயல் பிணைக்கிறதா, எண்ணம் பிணைக்கிறதா என்று சமணரும் பௌத்தரும் விடாமல் சண்டை போட்டார்கள். சேதனை, அதாவது மனத்தின் எண்ணம்தான் வினை என்றது பௌத்தம். உடம்பால் செய்ததே கனமானது என்று சமணர் தரப்பில் வாதிட்ட உபாலி புத்தரோடு பேசித் தோற்ற கதை மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. சமணர் அதோடு விடவில்லை. அவர்களுடைய சூத்ரகிருதாங்கம் பௌத்தக் கொள்கையை இப்படி நையாண்டி செய்கிறது: ஒருவன் சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துச் சுட்டால் அவன் கொலைகாரன், குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துச் சுட்டால் அவன் மேல் குற்றமில்லை, இதுதானே உங்கள் தருமம்? தமிழில் சமணக் காப்பிய நாயகி நீலகேசி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரோடு வாதிட்டதும் இந்த மரபின் நீட்சிதான். சமணமும் எண்ணத்தை அடியோடு தள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கவனமில்லாமல் கால் வைப்பதே பாவம் என்று அது கருதியது. ஆனால் தெரியாமல் செய்தேன் என்பவனை அது சும்மா அனுப்பவில்லை.

சூப்பர்ஃபண்ட் சட்டம் சமணர் பக்கம். சுட்டது குழந்தை என்றால் சுட்டவன் பொறுப்பு. என்ன நினைத்தான் என்பது அப்புறம். காப்பீட்டுப் பாலிசியோ பௌத்தர் பக்கம். 1966இல் திருத்தி எழுதிய பொதுப் பொறுப்புப் பாலிசியில், காப்பீடு எடுத்தவர் எதிர்பார்க்காத, நோக்கமாகக் கொள்ளாத கேட்டுக்கு மட்டுமே பணம் என்று இருக்கிறது. வேண்டுமென்றே வீட்டைக் கொளுத்தினவனுக்குத் தீ இன்ஷூரன்ஸ் கிடையாது என்பதுபோல. ஆகவே ஒரே நிறுவனம் அரசு தொடுத்த வழக்கில் 'எங்களுக்குத் தெரியாது' என்றால் எந்தப் பயனும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தோடு நடக்கும் வழக்கில் அந்த இரண்டு சொற்கள்தான் அதன் மொத்தச் சொத்து.

இந்தச் சுரைக்காய் வழக்கு உண்மையிலேயே நடந்தது. டென்வர் நகருக்கு அருகில் ராக்கி மவுன்டன் ஆர்சனல் என்ற இடத்தில் 1942 முதல் அமெரிக்க ராணுவம் ரசாயன ஆயுதம் செய்தது. பின்பு அங்கேயே இடம் வாடகைக்கு எடுத்து ஷெல் நிறுவனம் 1952 முதல் 1982 வரை பூச்சிக்கொல்லி தயாரித்தது. கழிவு திறந்த குட்டைகளுக்குப் போயிற்று. நீர் என்று நம்பி இறங்கிய வாத்துகள் செத்து மிதந்தன. சுத்தம் செய்யும் செலவைக் கேட்டு ஷெல் இருநூறுக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. 1988இல் ஜூரி காப்பீட்டு நிறுவனங்கள் பக்கம் நின்றது. வாத்து சாவதைப் பார்த்த பிறகும் தெரியாது என்று எப்படிச் சொல்வாய் என்பது சாதாரண மனிதரின் கேள்வி. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருத்தியது. ஷெல்லுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கக் கூடாது. உண்மையில் தெரிந்திருந்ததா, கேடு விளைவது அநேகமாக நிச்சயம் என்று அது நம்பியதா என்றுதான் கேட்க வேண்டும் என்றது. உபாலியோடு பேசிய புத்தர் இந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். சமணர்கள் சிரித்திருப்பார்கள்.

ஒரு கம்பெனிக்கு மனம் ஏது, எண்ணம் ஏது என்று யாரும் கேட்கலாம். நீதிமன்றம் அதை மெமோக்களில் தேடியது. எந்த அதிகாரி எந்தத் தேதியில் எந்தக் கடிதத்தைப் படித்தார் என்பதுதான் கம்பெனியின் மனசாட்சி. சித்திரகுப்தன் வேலையை ஃபைலிங் கேபினட் பார்த்திருக்கிறது.

அடுத்த சிக்கல் காலம். ரசாயனம் வெடிகுண்டுபோல ஒரே நொடியில் கேடு செய்வதில்லை. 1956இல் ஊற்றியது 1960இல் ஓர் அடி, 1970இல் பத்து அடி என்று நகர்கிறது. எந்த ஆண்டின் பாலிசி பதில் சொல்ல வேண்டும்? மிலிந்தன் கேள்விகள் என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் அரசன் மிலிந்தனுக்குச் சொல்லும் உவமை ஒன்று இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. மாடியில் விளக்கு வைத்துச் சாப்பிடுகிறான் ஒருவன். சுடர் கூரையைப் பற்றி, வீட்டைப் பற்றி, ஊரையே எரிக்கிறது. நான் சாப்பிட வைத்த சுடர் வேறு, ஊரை எரித்த நெருப்பு வேறு என்று அவன் சொன்னால் அரசன் ஒப்புக்கொள்வானா? ஒப்பமாட்டேன் என்கிறான் மிலிந்தன். இது அதிலிருந்து வந்ததுதானே. ஆள் அதே ஆளாக இருக்க வேண்டியதில்லை. தொடர்ச்சி போதும் என்பது நாகசேனரின் வாதம்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995இல், டிடிடி தயாரித்த மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில், கேடு தொடர்ந்து நடந்த ஒவ்வொரு ஆண்டின் பாலிசியும் விழித்துக்கொள்ளும் என்று தீர்ப்பளித்தது. நாகசேனரின் சுடர்தான். பதினேழு ஆண்டு கழித்து ஸ்டிரிங்ஃபெல்லோ அமிலக் குட்டைகள் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது. அங்கே மாட்டிக்கொண்டது யார் என்பதுதான் வேடிக்கை. 1956 முதல் 1972 வரை ஏறக்குறைய 13 கோடி லிட்டர் தொழிற்கழிவைக் கொட்டிய அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே கலிஃபோர்னியா மாநில அரசு. பாறை கசியாது என்று நம்பியிருந்தது, கசிந்தது. பொறுப்பு அரசின் தலையில் விழ, அரசு தன் பழைய பாலிசிகளைத் தேடி எடுத்தது. எல்லா ஆண்டுகளின் உச்சவரம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம் என்று 2012இல் நீதிமன்றம் அனுமதித்தது.

காப்பீட்டு நிறுவனங்களின் புகாரில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 1958இல் பிரீமியம் நிர்ணயித்தவருக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம் கனவிலும் தெரியாது. விதிகள் மாறியபின் பழைய ஆட்டத்துக்குப் புது மதிப்பெண் போடுவது தருமமா? கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அவர்கள் கடையில் விற்ற சரக்கு என்ன? நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது என்பதைத்தானே விற்றார்கள். தெரியாததை விற்றுக் காசு வாங்கியவர், தெரியாதது நடந்துவிட்டதே என்று அழுவது எடுபடாது. பாலிசி வாசகத்தை எழுதியவரும் அவரே. குழப்பமிருந்தால் எழுதியவருக்கு எதிராகப் படிப்பதே மரபு. இந்தியானாவில் ஒரு பெட்ரோல் பங்குக்கு விற்ற பாலிசியில் 'மாசுப்பொருள்' விலக்கு இருந்தது. பெட்ரோல் கசிந்தது. பெட்ரோல் பங்குக்குப் பாலிசி விற்றுவிட்டு, பெட்ரோல் என்ற பெயரைச் சொல்லாமல் அதை எப்படி விலக்கினாய் என்று 1996இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கேட்டது.

இதைவிடக் கடுமையான சங்கதி ஒன்று நியூ ஜெர்சியில் வெளியானது. 1970இல் மாசு விலக்கை அறிமுகம் செய்தபோது காப்பீட்டுத் துறை மாநில அதிகாரிகளிடம், இது புதிய கட்டுப்பாடு இல்லை, பழையதற்கு விளக்கம்தான் என்று சொல்லி ஒப்புதல் வாங்கியது. பிரீமியமும் குறையவில்லை. கிளெய்ம் வந்தபோது அதே வாசகத்தை இரும்புக் கதவாக்கியது. அன்று சொன்ன சொல்லிலேயே நில் என்று 1993இல், மார்ட்டன் இன்டர்நேஷனல் வழக்கில், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் பிடித்து நிறுத்தியது. பல மாநிலங்கள் இதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

வக்கீல்கள் கொழித்தார்கள். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 1992இல் வெளியிட்ட கணக்கின்படி, சூப்பர்ஃபண்ட் விவகாரத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் செலவிட்டதில் 88 சதவீதம் வழக்குச் செலவு போன்றவற்றுக்கே போயிற்று. மண்ணுக்குப் போனது மிச்சம்.

சரி, கடைசியில் யார் கட்டினார்கள்? அந்தப் பாலிசிகளில் கணிசமானவற்றின் பின்னால் லண்டன் லாயிட்ஸ் இருந்தது. அங்கே பணம் போட்டவர்களுக்கு 'நேம்ஸ்' என்று பெயர். தங்கள் சொத்து முழுவதையும் பிணை வைத்த தனிமனிதர்கள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். லாயிட்ஸின் வழக்கப்படி ஓர் ஆண்டின் கணக்கு முடியும்போது மிச்சமிருக்கும் பொறுப்புகளை அடுத்த ஆண்டின் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது சஞ்சிதம், அதாவது பழைய பிறவிகளில் சேர்ந்த வினை மூட்டை, என்று உடனே புரியும். 1980களில் சேர்ந்த ஒரு பல் மருத்துவரோ ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியோ, 1950களில் அமெரிக்கத் தொழிற்சாலைக்கு எழுதிய பாலிசியின் வாரிசு ஆனார். ஆஸ்பெஸ்டாஸ் நோய்க் கிளெய்ம்களும் மாசுக் கிளெய்ம்களும் இயற்கைப் பேரிடர்களும் சேர்ந்து, 1988 முதல் 1992 வரையான ஆண்டுகளில் லாயிட்ஸ் ஏறக்குறைய 800 கோடி பவுண்டு இழந்தது. வீடுகள் ஏலம் போயின. வரப்போகும் கிளெய்ம்கள் தெரிந்தே எங்களைச் சேர்த்தார்கள் என்று நேம்ஸ் வழக்குப் போட்டார்கள். மோசடி நிரூபிக்கப்படவில்லை என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

கோவலனைப் பார்த்து இரங்குகிற மனம் இந்தப் பல் மருத்துவரைப் பார்த்தும் இரங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பரதன் செய்ததில் கோவலன் பங்கு கேட்கவில்லை. நேம்ஸ் கேட்டார்கள், நல்ல ஆண்டுகளில் வந்த லாபத்தை வாங்கியும் கொண்டார்கள். பரம்பரைச் சொத்தை எடுத்துக்கொண்டு பரம்பரைக் கடனை மட்டும் தள்ள முடியாது என்பது கிராமத்துப் பஞ்சாயத்துக்கும் தெரிந்த நியாயம். செயலைச் செய்தவன் யார் என்று தேடினால் அவன் செத்துப்போயிருப்பான். எண்ணம் என்ன என்று தேடினால் மெமோ கிழிந்திருக்கும். வாக்குக் கொடுத்தவனும் அதற்குக் காசு வாங்கியவனும் மட்டும் தாளில் பெயரோடு நிற்கிறார்கள். சமணருக்கும் பௌத்தருக்கும் இடையில் தீராத வழக்கைப் பாலிசி தீர்த்துவிடவில்லை. அவ்வழக்கு முடியும்வரை மண் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வழி காட்டுகிறது. அது போதாது என்று சொல்பவர்கள் இருக்கலாம். வேறு வழியில் சுத்தமான மண் எவ்வளவு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

வாக்கே கொடுக்கப்படாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. போபாலில் விஷவாயுவைச் சுவாசித்தும் அப்போது நோய்க்குறி தெரியாதவர்களுக்காக மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்லி 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தபோது, அந்தப் பாலிசிகள் எடுக்கப்படவே இல்லை, இது மத்திய அரசின் பெரும் அலட்சியம் என்று அதே நீதிமன்றம் பதிவு செய்தது. அங்கே எந்தத் தொல்லியலாளர் பரணைக் கிளறினாலும் கிடைப்பது எதுவுமில்லை.

ராக்கி மவுன்டன் ஆர்சனல் இப்போது வனவிலங்குச் சரணாலயம். 2007இல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். லவ் கெனால் 2004இல் சூப்பர்ஃபண்டின் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஹூக்கர் புதைத்த கழிவை யாரும் தோண்டி எடுக்கவில்லை. வேலிக்குள், களிமண் மூடிக்குக் கீழே அது அப்படியே இருக்கிறது. அதிலிருந்து ஊறும் நீரைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று பக்கத்திலேயே ஓடுகிறது.